ஆம்ப்ளிஃபையர் உபாசகர்

சங்கீதத்தில் மோகம் கொண்டவர்களை நான் அறிவேன். அவர்களால் அண்டை அயலாருக்கு நேரும் உபத்திரவம் அற்பமானது. நான் இங்கே வர்ணிக்கப் புகுந்தது, பாட்டு எதுவானாலும் பாடியவர் எவரானாலும் லட்சியம் செய்யாமல், அதைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர் என்னும் தட்டையான அலுமினியப் பெட்டியைத் தம் காரில் எந்த ஸ்தானத்தில் பிரதிஷ்டை செய்வது என்ற ஒரே விசாரத்தில் சனிக்கிழமைகளைச் செலவிடும் கனவானைப் பற்றி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், கார்ச் சாமான் கடைகளின் வாசலில், பக்கத்துக் கடைக்கு வந்தவருக்கும் கேளாமலே உபதேசம் செய்துகொண்டிருப்பவர் அவர்தாம்.

அந்தப் பெட்டிக்கு நடக்கும் உபசாரம் தலைத்தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. பெட்டியின் முதுகில் இருக்கும் பட்டைகளைத் தழுவிக் காற்று தாராளமாக ஓட வேண்டும். பழைய ரகப் பெட்டிகள் உண்ணும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியைச் சூடாகவே கக்கிவிடுபவை. உஷ்ணம் மேலே கிளம்புவதே இயற்கையின் தர்மமாகையால், பெட்டியைத் தலைகீழாகத் தொங்கவிடுபவன் அதை அதன் சூட்டிலேயே வேகவைக்கிறான் என்பது அவர் சித்தாந்தம். இடம் மிச்சமாகுமே என்று வூஃபர் கூண்டின் மேலேயே அதை முடுக்கிவிடுபவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. அங்கே ஓயாத அதிர்வில் உள்ளிருக்கும் ஈயப் பற்றுகள் நாளாவட்டத்தில் விட்டுப்போகுமாம். இவையெல்லாம் உண்மைதான் என்பதே நமக்கு வாய்த்த துரதிர்ஷ்டம். பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

முன் ஸீட்டின் அடியில் வைத்தால் கம்பியின் நீளம் குறையும், வெயிலும் படாது. ஆனால் பின்னால் அமர்பவரின் ஈரச் செருப்பும், குழந்தை கவிழ்க்கும் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். ஆகவே சில காலம் அந்த ஏற்பாட்டைப் பரீட்சித்தபோது, அவருடைய தாயார் பின் ஸீட்டில் சம்மணமிட்டே பிரயாணம் செய்தார். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம் மறைவானது. ஆனால் ஸ்டெப்னியை எங்கே வைப்பது? இறுதியில், பின் ஸீட்டின் முதுகுப்புறம் ஒரு பிளைவுட் பலகையை அடித்து, காரின் இரும்பைத் தொடாமல் பெட்டியை அதில் நிறுத்துவதென்று தீர்மானமாயிற்று.

"எதுக்கு சார் பலகை? தரையிலயே நாலு ஸ்க்ரூ அடிச்சா வேலை முடிஞ்சுது" என்றான் கடைப் பையன், துளைக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு.

"தம்பி, முதலில் காருக்கு அடியில் குனிந்து பார். பெட்ரோல் டாங்க் எங்கே இருக்கிறது?"

பையன் குனிந்து பார்த்தான். கருவியை மெதுவாகக் கீழே வைத்தான். இந்த ஒரு விஷயத்தில் நம் கனவானை நான் மனமார ஆதரிக்கிறேன்.

கம்பிகளைப் பற்றிய அத்தியாயம் தனி. பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பிக்கு ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருந்தாக வேண்டும். அது ஒரு பக்கமாகவும், பாட்டைச் சுமக்கும் மெல்லிய கம்பி எதிர்ப்பக்கமாகவும் செல்ல வேண்டும். எர்த் கம்பியோ பெயின்ட் இல்லாத வெற்று இரும்பைப் பற்றியாக வேண்டும். பின்சொன்ன இரண்டில் பிசகினால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் ஓர் ஊளை, வித்துவானுடன் கூடவே பாடத் தொடங்கும். காரின் மீது சைக்கிளை உரசிய பேப்பர்காரப் பையனைத் தெருக்கோடி வரை துரத்திய அதே மனிதர், டிக்கிக்குள் மண்டியிட்டு, உப்புத்தாளால் புதுக் காரின் பெயின்ட்டைப் பரம திருப்தியுடன் சுரண்டியதை நான் கண்ணாரக் கண்டேன்.

திருநெல்வேலியிலிருந்து பலாப்பழத்துடன் எழும்பூரில் வந்து இறங்கிய அவருடைய மாமனார், "மாப்ளே, இத டிக்கியில வச்சிருவமா?" என்று வெள்ளை மனத்துடன் கேட்டார்.

"அங்கே காற்றோட்டம் தடைப்படும், மாமா. மடியிலேயே வைத்துக்கொள்ளுங்களேன், அரை மணி நேரம்தானே?"

முள்ளும் பாரமுமாக அந்தப் பெரியவர் அண்ணா நகர் வரையில் மௌனமாக வந்தார். அவ்வளவு சிரமப்பட்டு வந்தவருக்கு ஒரு பாட்டாவது முழுதாகக் கேட்கக் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. பல்லவி முடியுமுன் நிறுத்தி, "இரைச்சல் ஏதாவது கேட்கிறதா?" என்று விசாரிப்பதும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுமாகவே வீடு வந்துவிட்டது.

சென்ற மாதம் அவர் வேறு கார் வாங்க உத்தேசித்து என்னையும் துணைக்கு அழைத்துச் சென்றார். விற்பனைக்கார இளைஞன் மைலேஜையும் ஏர்பேக்கையும் பற்றி மனப்பாடம் ஒப்பித்துக்கொண்டிருக்க, இவர் முன் ஸீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அதன் அடியில் தோள்வரை கையை நுழைத்துத் துழாவினார்.

"சார், ஏதாவது விழுந்துடுச்சா?" என்று இளைஞன் பதறினான்.

"நாலு விரற்கடைகூட இல்லையே!" என்று அங்கலாய்த்தபடி எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, அவர் அடுத்த காரை நோக்கி நடந்தார்.