யானைக்குத் தீனி போட்டாங்க, காதலுக்குப் போடலியே!

இன்னா நைனா, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்காம, ‘பொன்னியின் செல்வன்’ ரெண்டு பாகத்தையும் ஒரே மூச்சுல பார்த்தியாமே! பார்த்துட்டு, “தாத்தா, எல்லாம் இருக்குது, ஆனா மனசுல ஒன்னும் நிக்கலியே”ன்னு போன்ல பொலம்பறே. அஞ்சரை மணி நேரம் கண்ணைத் தொறந்து வச்சிகினு இருந்த பாரு, அதுக்கே உனக்கு ஓவர்டைம் போட்டுத் தரணும்.

நான் திருவாலங்காட்டுக் கெழவன். ராத்திரி பூரா தெருக்கூத்து பார்த்துட்டு விடியக்கால ஏர் ஓட்டப் போன ஆளு. இவனுக்கு சினிமா இன்னா தெரியும்னு நீ நெனைக்கலாம். தெரியாதுதான். ஆனா கூத்துல கட்டியங்காரன் வந்து நின்னு நாலு வார்த்தை பேசினா போதும், இன்னிக்கு ராத்திரி முழிச்சிருக்கலாமா, துண்டை விரிச்சுப் படுக்கலாமான்னு சொல்லிடுவேன்.

மொதல்ல அவங்களைத் திட்டாத. பாவம், எத்தினி பேரு எத்தினி வருஷமா ஆசைப்பட்ட கதை! எம்.ஜி.ஆரு 1958-லயே உரிமையை வாங்கி வச்சாரு, நடக்கல. அப்பால கமலஹாசன் ஆசைப்பட்டாரு, அதுவும் நடக்கல. மணிரத்னம்தான் எடுத்து முடிச்சாரு. 2022 செப்டம்பர் 30-ல மொதப் பாகம், அடுத்த வருஷம் ஏப்ரல் 28-ல ரெண்டாம் பாகம். மொதப் பாகத்துக்கு நாலு தேசிய விருது வந்துது. சிறந்த தமிழ்ப் படம்னு ஒன்னு, ரவிவர்மனோட ஒளிப்பதிவுக்கு ஒன்னு, ரகுமானோட பின்னணி இசைக்கு ஒன்னு, ஒலி வடிவமைப்புக்கு ஒன்னு. சந்தோசம். கண்ணுக்கு ஒன்னு குடுத்தாங்க, காதுக்கு ரெண்டு குடுத்தாங்க. திரைக்கதைக்கும் வசனத்துக்கும் மறந்துட்டாங்க போல. டில்லியில குந்திகினு இருக்கிறவங்களுக்கும் நம்மள மாதிரியே கண்ணும் காதும் நல்லாத்தான் வேலை செய்யுது.

நாளைக்கு நீயும் ஒரு சரித்திரக் காதல் படம் எடுக்கணும்னு ஆசைப்பட்டா, கெழவன் வழி சொல்றேன், குறிச்சுக்க. மொதல்ல குதிரை. அப்பால யானை. குதிரை ஓடும்போது புழுதி நல்லா கெளம்பணும். புழுதிக்குள்ள யாரு யாரை எதுக்குத் துரத்தறான்னு எவனும் கேக்க மாட்டான். நாயகிக்கு நெத்தியில இருந்து இடுப்பு வரைக்கும் நகையைப் பூட்டு. மூஞ்சியில ஒன்னும் தெரியலேன்னா, நகை கனம் தாங்கலன்னு ஜனமே சமாதானம் சொல்லிக்கும். காதல் சொல்ற எடத்துல வசனம் வரலேன்னா தண்ணியில ஒரு படகை உட்டுப் பாட்டைப் போடு. இளவரசன் யோசிக்கிறான்னு காட்டணுமா? மலை உச்சியில நிக்க வை, காத்து வந்து துணியை ஆட்டட்டும். அப்பவும் சந்தேகம் வந்துச்சுன்னா இன்னொரு தடவை யானை. கதையா? அதைக் கடைசி ஷெட்யூல்ல நேரம் மிச்சமிருந்தா பார்த்துக்கலாம்.

சரி, சிரிச்சது போதும். கல்கி 1950 அக்டோபர்ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும், மூன்றரை வருஷம் வாராவாரம் எழுதின கதை அது. அஞ்சு பாகம். அதை அஞ்சரை மணி நேரத்துல அடக்கணும்னா ஆளைக் கொறைச்சுதான் ஆவணும். அதுல தப்பே இல்ல. யாரைக் கொறைச்சாங்க? அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

உங்க கம்பெனியில ஆர்டர் கொறைஞ்சா இன்னா பண்றான்? பர்மனென்ட் ஆளு மேல கை வைக்க மாட்டான். காண்ட்ராக்ட் ஆளைத்தான் மொதல்ல கேட்டுக்கு வெளியே நிறுத்துவான். லைனை ஓட்டினவன் அவன்தான், ஆனா பேரு எந்த நோட்டுலயும் இருக்காது. படத்துலயும் அதே வேலைதான் நடந்துகீது. மணிமேகலைன்னு ஒரு பொண்ணு, கடம்பூர் மாளிகைக்காரி, கந்தமாறனோட தங்கச்சி. கதாநாயகன் வந்தியத்தேவன் மேல உசிரா இருப்பா. அவன் மனசு இளவரசி குந்தவைகிட்ட இருக்குதுன்னு தெரிஞ்ச அப்பாலயும் இருப்பா. இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ன பழி அவன் மேல விழுந்தப்போ, நான்தான் கொன்னேன்னு தன் தலையில ஏத்திக்க வருவா. கடைசியில அவன் மடியிலயே உசிர விடுவா. கல்கி அம்மாம் பெரிய கதையைக் கொண்டு வந்து முடிச்ச எடமே அதுதான். படத்துல அவளுக்கு கேட் பாஸே குடுக்கல.

அடுத்தது சேந்தன் அமுதன், கோயிலுக்குப் பூ கட்டற புள்ள. கல்கி கதையில அவன்தான் ராணி செம்பியன் மாதேவியோட நெசமான மவன், அவன்தான் உத்தம சோழனா பட்டத்துக்கு வருவான். படகு ஓட்டற பூங்குழலி, கரிகாலன் தம்பி அருள்மொழி மேல வச்ச ஆசையை முழுங்கிட்டு, இந்தப் பூக்காரனைக் கட்டிக்குவா, ராணியும் ஆவா. படத்துல அமுதன் பூக்காரனாவே நின்னுட்டான். பூங்குழலி படகு ஓட்டிட்டு, ஷிப்ட் முடிஞ்சு வூட்டுக்குப் போயிட்டா.

ஆக, ஆசைப்பட்டு இழந்தவங்க எல்லாம் காண்ட்ராக்ட்டு, நகை போட்டவங்க எல்லாம் பர்மனென்ட்டு. உன் மனசுல ஒன்னும் நிக்காததுக்குக் காரணம் அதான் நைனா. ஒருத்தனும் ஒருத்தியும் பார்த்துக்கறது யாரால வேணா முடியும், அதுக்குக் கவிஞனும் வேணாம் கல்கியும் வேணாம். அப்படிப் பார்த்ததுக்கு அவங்க இன்னா வெலை குடுத்தாங்க? அதைச் சொல்லத்தான் ஆளு வேணும்.

நியாயத்தையும் சொல்லிடறேன். நந்தினியும் கரிகாலனும் எதிரும் புதிருமா நிக்கிற எடத்துல நானே துண்டை மடிச்சு வச்சுட்டு நிமிர்ந்து குந்தினேன். விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. ஏன்னு யோசி. அந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான் ஏதோ போயிருக்குது. கரிகாலன் வெட்டினதுல அவளுக்கு வீரபாண்டியன் தலை போச்சு, அவனுக்குத் தூக்கம் போச்சு. குந்தவையும் வந்தியத்தேவனும் ‘அக நக’ பாட்டுக்கு அழகாத்தான் நிக்கறாங்க. த்ரிஷாவும் கார்த்தியும் அதுக்கு மேல இன்னா பண்ணுவாங்க? இழக்கிறதுக்கு ஒன்னும் கையில குடுக்கலியே!

இப்ப நம்ம ஊரு சங்கதிக்கு வா. 1905-ல திருவாலங்காட்டுல செப்பேடு கெடைச்சுது, 31 தகடு. ராசேந்திர சோழன் தன்னோட ஆறாம் ஆட்சி வருஷத்துல பழையனூர் கிராமத்தை நம்ம கோயிலுக்கு எழுதிக் குடுத்த பத்திரம். வெறும் நெலப் பத்திரம்டா அது! அதுலயே எப்படிக் கதை வச்சிருக்கான் பாரு. ஆதித்த கரிகாலன் பாண்டியனைக் கொன்னான், அப்பால சொர்க்கத்தைப் பார்க்கிற ஆசையில மறைஞ்சுட்டான்னு சொல்றான். வயசுப் பையன் சொர்க்கம் பார்க்கக் கெளம்பிட்டானாம்! கொலைன்னு வாயே தொறக்கல. ஜனங்க வந்து அருள்மொழியைப் பட்டம் கட்டிக்கச் சொன்னாங்க, சித்தப்பனுக்கு ஆசை இருக்கிற வரைக்கும் மனசால கூட வேணாம்னுட்டான்னு அடுத்தாப்புல சொல்றான்.

அதோட கூட காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டையும் வச்சிப் பாரு. அந்த அருள்மொழிதான் அப்பால ராசராசன். அவனோட ரெண்டாம் ஆட்சி வருஷம், கரிகாலனைக் கொன்ன ரவிதாசன், அவன் கூடப் பொறந்தவங்க, உறவுக்காரங்க நெலத்தையெல்லாம் புடுங்க உத்தரவு. ராசராசன் பட்டத்துக்கு வந்தது 985-ல. கரிகாலன் செத்தது 969 வாக்குல. நடுவுல ரொம்ப வருஷம் ஆண்டது அந்தச் சித்தப்பன் உத்தம சோழன். அத்தினி வருஷமும் கொலைகாரன் நெலம் அவன் பேருலயே கெடந்துது போல. இன்னாத்துக்கு? பயமா, பாசமா, பங்கா? நீலகண்ட சாஸ்திரி சித்தப்பன் மேலயே சந்தேகப்பட்டாரு, சதாசிவப் பண்டாரத்தாரு ஒத்துக்கல. தம்பிக்காரன் அண்ணன் பொணத்தை மனசுல வச்சிகினு, சந்தேகம் இருக்கிற ஆளுக்கே கிரீடத்தையும் குடுத்துட்டு, வாயைக் கட்டிகினு காத்திருந்தான் பாரு, அதுல ஒரு சினிமா இருக்குது. நம்ம ஆளுங்க கிரீடத்தைக் குடுக்கறதை மட்டும் காட்டி, கையைத் தட்டச் சொல்லிட்டாங்க.

அந்தப் பழையனூரு எது தெரியுமா? நீலி ஊரு. போன ஜென்மத்துல புருசன் கையால செத்தவ, பேயா வந்து, வணிகனாப் பொறந்திருக்கிற அவனைத் தேடறா. அவன்கிட்ட மந்திர வாள் இருக்குது, கிட்ட நெருங்க முடியல. கள்ளிக் கொம்பைக் கொழந்தையாக்கி இடுப்புல வச்சிகினு, பழையனூர் வேளாளருங்க எழுவது பேரு சபையில வந்து அழுவறா. இவன் என் புருசன், சேர்த்துக்க மாட்டேங்கறான்னு. கொழந்தையும் அவனைப் பார்த்துத் தாவுது. இவ பேய், என்னைக் கொன்னுடுவான்னு அவன் கதர்றான். “உனக்கு ஒன்னு ஆச்சுன்னா எங்க உசிரைக் குடுக்கறோம்”னு எழுவது பேரும் வாக்கு குடுத்து, வாளை வாங்கி வச்சிகினு, உள்ள அனுப்பறாங்க. காலையில பார்த்தா அவன் பொணம். எழுவது பேரும் நெருப்புல எறங்கினாங்க.

இதுல யானை இல்ல, குதிரை இல்ல. அழுவறவ பொய் சொல்றா, ஆனா அவளுக்கு நடந்த அநியாயம் நெசம். அவன் நெசத்தைச் சொல்றான், எவனும் நம்பல. தீர்ப்பு சொன்னவங்க நல்லவங்க, நல்லவங்களா இருந்ததாலயே செத்தாங்க. யாரு பக்கம் நிக்கறதுன்னு தெரியாம திண்ணையில குந்திகினு நாங்க எத்தினி நாளு சண்டை போட்டிருக்கோம்!

பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல வரல. 1973-ல ‘ராஜராஜ சோழன்’ வந்துது, தமிழ்ல மொத சினிமாஸ்கோப்பு. திரை அகலமாச்சு, கதை இருந்த அகலத்துலயே இருந்துது. ஆனா 1937-ல பாகவதரும், 1957-ல சிவாஜியும் நடிச்ச ‘அம்பிகாபதி’ கதையை எடுத்துக்க. நூறு பாட்டு பாடினா இளவரசி, தவறினா தலை. கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிட்டா அவ. ஒன்னு கொறைஞ்சுது, தலை போச்சு. வெலைச் சீட்டை மொதல்லயே ஒட்டி வச்சுட்டான், அதனால ஒவ்வொரு பாட்டுக்கும் நமக்கு நெஞ்சு அடிச்சுக்குது.

நீ சும்மா பொலம்பற ஆளு இல்ல, நோட்டுல ஏதோ கிறுக்கறேன்னு உங்கம்மா சொன்னா. ஞாயித்துக்கெழமை பொன்னேரி போயி பழவேற்காட்டுக்கு பஸ் ஏறு. 1613-ல டச்சுக்காரன் கோட்டை கட்டின எடம். அவன் கல்லறைத் தோட்டத்து வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வச்சிருக்கான், பார்த்துட்டு வா. அந்தத் துறையில இருந்து ஆயிரக்கணக்கான ஜனங்களை அடிமையா கப்பல் ஏத்தி பத்தாவியாவுக்கு அனுப்பினான், இன்னிக்கு ஜகார்த்தாங்கறாங்களே அதுக்குத்தான். பஞ்சத்துல சோத்துக்காகத் தன்னையே வித்துகினவங்களும் உண்டு. அந்தக் கப்பல் ஏறின ஒருத்திக்குக் கரையில ஒருத்தன் இருந்திருக்க மாட்டானா? அன்னிக்கு அவன் இன்னா பண்ணான்? ஓடி ஒளிஞ்சானா, கூடவே ஏறினானா, இல்ல அவளை வித்த துட்டுல அவனுக்கும் பங்கு போச்சா? மூணுல ஒன்னைப் புடி, கதை தானா நடக்கும்.

உன்கிட்ட யானை வாங்கத் துட்டு இல்ல, குதிரைக்குக் கொள்ளு வாங்கவும் இல்ல. அதான்டா உன் அதிர்ஷ்டம், வேற வழியில்லாம கதையை ஒழுங்கா எழுதித்தான் ஆவணும். எழுதும்போது எடம் பத்தலேன்னு ஆளைக் கொறைக்க வேண்டி வந்தா, மொதல்ல குதிரைக்காரனைக் கொறை, அப்பால ராசாவைக் கொறை. இழந்துட்டு நிக்கிற பொண்ணை மட்டும் கேட்டுக்கு வெளியே நிறுத்திடாத.