புள்ளலூரிலிருந்து ஒரு லோயர் பர்த் விண்ணப்பம்

அனுப்புநர்: புள்ளலூர்க் குடிமகன் ஒருவன், காஞ்சிபுரம் மாவட்டம். (வயது 48. அப்பர் பர்த் ஏறும் தெம்பு இன்னும் இருக்கிறது.)

பெறுநர்: வகுப்பு, படுக்கை, காத்திருப்பு மூன்றையும் படைத்து, காத்து, ரத்து செய்யும் ரயில் துறை மேலிடம்.

பொருள்: அம்மாவுக்கு லோயர் பர்த் – தொடர்பாக.

பார்வை: 1. காசாக்குடிச் செப்பேடு. 2. ஐஹொளே கல்வெட்டு.

ஐயா / அம்மையீர்,

எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-லேயே தண்டவாளம் போட்டவர்கள் எங்கள் வயலை விட்டுவைத்தார்களே என்று சந்தோஷம்தான். எங்கள் ஊருக்கு ரயில் வராவிட்டால் என்ன, படைகள் நிறைய வந்திருக்கின்றன.

அதில் ஒரு படையின் கதை உங்கள் இலாகாவுக்கு நெருக்கமானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி படையோடு வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து வருகிறார். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோ காத்திருக்கிறார். இரண்டு படைகளும் சேர வேண்டும். இடையில் ஒரு நாள் நடைதான். பெய்லி எங்கள் ஊரைத் தாண்டவில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் ராக்கெட்டும் பீரங்கியுமாக இங்கே அவரை மடக்கினார்கள். அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போய் அங்கேயே இறந்தார். மன்றோ தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். கனெக்‌ஷன் வண்டியை விட்டவர்கள் கதை ரயில் வருவதற்கு முன்பே எங்கள் ஊரில் நடந்து முடிந்துவிட்டது. செங்கல்பட்டில் தெற்கே போகும் ராத்திரி வண்டியைப் பிடிக்க மூட்டையோடு ஓடும்போதெல்லாம் எனக்கு பெய்லி ஞாபகம்தான் வரும்.

இனி விஷயம். போன தை மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்கு என் அம்மா பெரிய பாட்டி முறை. போகாமல் இருக்க முடியாது. அம்மா போட்ட நிபந்தனை இரண்டு. "டேய், எனக்குக் கீழ சீட்டா பாத்து போடுடா, காலு மடக்க முடியல" என்பது ஒன்று. "அந்த ஏசி பொட்டி மட்டும் வேணாம், மூட்டெல்லாம் பிடிச்சிக்கும்" என்பது இரண்டு. இவ்வளவுதானே என்று போனைக் கையில் எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் எத்தனை வகுப்பு இருக்கிறது என்று கண்ணில் பட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் முதல், இரண்டாம், இன்டர், மூன்றாம் என்று நான்கு. மூன்றாம் வகுப்பில் ஜனங்கள் படும் பாட்டை காந்தி 1917-ல் ஒரு சிறு புத்தகமாகவே எழுதினார். நீங்கள் 1974-ல் மூன்றாம் வகுப்பை ஒழித்தீர்கள். பெட்டி அதேதான், பலகை அதேதான். பெயர் மட்டும் இரண்டாம் வகுப்பு ஆனது. மது தண்டவதே அமைச்சராக வந்த பிறகுதான் அந்தப் பலகைக்கு இரண்டு அங்குல நுரை மெத்தை கிடைத்தது. உட்காரும் இடத்தைப் பற்றி யோசித்த அமைச்சர் என்று அவருக்கு ஒரு கும்பிடு.

ஒழிந்த மூன்று பிறகு குளிர்சாதனம் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தது: மூன்றடுக்கு ஏசி. 2021-ல் அதற்கும் ஒரு தம்பி பிறந்தான், ஏசி எகானமி. அண்ணன் 72 பேரைப் படுக்க வைத்த நீளத்தில் தம்பி பிறந்தபோது 83 பேரைப் படுக்க வைத்தான். ஆளுக்கு ஆள் உயரம் குறைந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். லாலு பிரசாத் காலத்தில் ஓரப் படுக்கை இரண்டுக்கும் நடுவில் 'சைடு மிடில்' என்று ஒன்றைச் சொருகிப் பார்த்தீர்களே, அந்தக் கை இன்னும் சும்மா இருக்கவில்லை என்று தெரிகிறது. சைடு மிடிலில் படுத்து எழுந்தவர்களிடம் கேட்டால் புத்தகம் அடுக்கும் அலமாரி எப்படி உணரும் என்று சொல்வார்கள்.

ஏசி வேண்டாம் என்று அம்மா சொன்னதால் பாதி வகுப்பு தானாகக் கழிந்தது. ஓப்பன் டிக்கெட் எடுத்தால் ஏறுவதே மல்யுத்தம். மிச்சம் ஸ்லீப்பர். ஸ்லீப்பரில் எந்த எண் எந்தப் படுக்கை என்பதற்கு எட்டாம் வாய்பாடு தெரிந்தால் போதும். எண்ணை எட்டால் வகுக்க வேண்டும். மீதி 1, 4 என்றால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். ஆறடி ஆள் என்றால் அதில் கால் நீட்ட முடியாது. எட்டாம் வாய்பாட்டுக்கு வாழ்க்கையில் என்ன பயன் என்று வாத்தியாரிடம் கேட்டு அடி வாங்கியவன் நான். அவருக்கு இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

லோயர் பர்த்துக்குத் தனி ஒதுக்கீடே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் மனம் குளிர்ந்தது. ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயது ஆகியிருந்தால் போதும். அம்மாவுக்கு 74. விதியின் அடுத்த வரியைப் படித்தேன். ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர்; இரண்டு பேருமே அந்த வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். அதாவது 74 வயது அம்மா தனியாகப் போனால் கால் வலிக்காரி. துணைக்கு மகன் வந்தால் அந்த ஒதுக்கீட்டுக்கு அவள் கால் வலி தெரியாது. மகன் பக்கத்தில் இருக்கும்போது எந்த அம்மாவும் வலியைச் சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதான் இந்த விதியை எழுதியிருப்பீர்கள். உங்கள் இலாகாவில் யாரோ நிறைய அம்மாக்களைப் பார்த்தவர் இருக்கிறார்.

அம்மாவுக்கு ஒரு டிக்கெட், எனக்கு ஒரு டிக்கெட் என்று பிரித்து எடுக்கலாம்தான். எடுத்தால் அவள் எஸ்-2, நான் எஸ்-9. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஏழு பெட்டி தாண்டிக் குரல் கொடுக்க வேண்டும். அறுபதைத் தொடாத மகனைப் பெற்றது அம்மாவின் தவறு என்று முடிவு செய்து, இருவரையும் ஒரே டிக்கெட்டில் போட்டேன். (58 தாண்டிய பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று ஒரு சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நிறுத்தினீர்கள். கொரோனா போய்விட்டது, சலுகை மட்டும் குவாரன்டீனில் இருக்கிறது.)

முன்பதிவு 120 நாளுக்கு முன்பு தொடங்கியதை 2024 நவம்பரில் 60 நாளாகக் குறைத்தீர்கள். எங்கள் பக்கம் தரகர் ஜாதகம் கொண்டுவருவது, பெண் பார்ப்பது, நிச்சயம், மண்டபம், பத்திரிகை என்று வரிசையாக நடந்து தேதி தெரியும்போது 40 நாள்தான் மிச்சம். முகூர்த்த நாள் என்பதால் தெற்கே பாதித் தமிழ்நாடு போகிறது. காத்திருப்பு 41, 42.

இந்தக் காத்திருப்பிலும் ஜாதி உண்டு என்று பிரவுசிங் சென்டர் தம்பிதான் பாடம் எடுத்தான். வண்டி கிளம்பும் ஊரிலிருந்து எடுத்தால் ஜி.என்.டபிள்யூ.எல், அது சீக்கிரம் நகரும். நடு வழியில் ஏறி நடு வழியில் இறங்குகிறவனுக்கு ஆர்.எல்.டபிள்யூ.எல், பி.கியூ.டபிள்யூ.எல் என்று வேறு வரிசைகள்; அவை புற்றுக்குள் பாம்பு மாதிரி, அசைகிறதா இல்லையா என்றே தெரியாது. "எதுக்கும் எக்மோர்ல இருந்தே போட்டுட்டு, போர்டிங் பாயின்ட் செங்கல்பட்டுன்னு குடுத்துடுங்கண்ணா" என்றான். அப்படியே செய்தேன். நான் கால் வைக்காத 56 கிலோமீட்டருக்கும் பணம் கட்டினேன். பல்லவர் காலத்தில் இதற்குக் கப்பம் என்று பெயர்.

தட்கலுக்கும் ஒரு கண் வைத்திருந்தேன். ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. 2025 ஜூலை முதல் ஆதார் இணைத்தவனுக்குத்தான். போர்க்களத்தில் இறங்கும் முன் குலம் கோத்திரம் சொல்லும் வழக்கம் எங்கள் ஊர் மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் சோதனையில் நான் மூன்றாவது எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே களம் காலியாகிவிடும் என்று அனுபவஸ்தர்கள் சொன்னதால் அந்தப் பக்கம் போகவில்லை.

1909-ல் ஒகில் சந்திர சென் என்று ஒரு வங்காளி உங்களுக்கு எழுதிய கடிதத்தை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறீர்களாம். பலாப்பழம் தின்று வயிறு உப்பி, ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கப் போனவர், கார்டு விசில் ஊதியதும் ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, எல்லோர் முன்னும் விழுந்தார். அதன் பிறகுதான் சாதாரணப் பெட்டிக்குக் கழிப்பறை வந்தது என்பார்கள். அவர் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதினார். நான் பிழையில்லாத தமிழில் எழுதுகிறேன். அதனால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பயண நாள் வந்தது. முன்பு 4 மணி நேரத்துக்கு முன் போட்ட சார்ட்டை இப்போது 10 மணி நேரத்துக்கு முன்பே போடுகிறீர்கள். நல்ல காரியம், கவலைப்பட ஆறு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. 41, 42 இரண்டும் நகர்ந்து நகர்ந்து ஆர்.ஏ.சி-யில் வந்து நின்றுவிட்டன. எஸ்-5, எண் 47. எட்டால் வகுத்தேன். மீதி 7. சைடு லோயர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. கட்டணம் மட்டும் ஆளுக்கு முழுசு.

இங்கேதான் பார்வையில் கண்ட ஆவணங்கள் வருகின்றன. ஏழாம் நூற்றாண்டில் எங்கள் ஊரில் பல்லவன் மகேந்திரவர்மனும் சாளுக்கியன் புலிகேசியும் மோதினார்கள் என்பது வரலாறு. எதிரிகளைப் புள்ளலூரில் மகேந்திரன் அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் போய் ஒளிந்தான் என்கிறது புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டு. ஒரே களம், இரண்டு வெற்றி. ஒரே படுக்கை, இரண்டு டிக்கெட் என்ற உங்கள் ஆர்.ஏ.சி-க்கு மூலம் எங்கள் ஊர்தான் என்று நான் உரிமை கோரினால் நீங்கள் மறுக்க முடியாது.

செங்கல்பட்டில் ஏறியதும் இரண்டு சீட்டின் முதுகையும் மடக்கினேன். அம்மா படுத்தாள். நான் அவள் கால்மாட்டில், காலை மடித்து, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து உட்கார்ந்தேன். விழுப்புரம் பார்த்தேன், விருத்தாசலம் பார்த்தேன், திருச்சி பார்த்தேன்.

கல்யாண வீட்டில் யார் கேட்டாலும் அம்மா சொன்னாள்: "புள்ள எனக்குக் கீழ் பர்த்தே வாங்கிக் குடுத்துட்டான், ராத்திரி முழுக்க நல்லா தூங்கிட்டு வந்தோம்." பக்கத்தில் நின்று கழுத்தைத் திருப்ப முடியாமல் நான் சொன்னேன்: "பர்த்தே கிடைக்கல, உக்காந்துதான் வந்தோம்."

செப்பேடும் கல்வெட்டும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
எஸ்-5, 47-ன் பாதி.