வராத ரயிலும் தவறாத அறிவிப்பும்

அனுப்புநர்:
நடைமேடையில் நிற்கும் ஒரு பயணி,
இங்கிலாந்து.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்துத் துறை,
கிரேட் மின்ஸ்டர் ஹவுஸ், ஹார்ஸ்ஃபெரி சாலை,
லண்டன்.

பொருள்: அறிவிப்புகளை இடையறாது ஓட்டிவருவதற்குப் பாராட்டு தெரிவித்தல் – சில சலுகைகள் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ரயில்களைத் தனியாருக்குக் கொடுத்த 1993ஆம் ஆண்டுச் சட்டம். 2. அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்ட 2024ஆம் ஆண்டுச் சட்டம். 3. இரண்டுக்கும் நடுவே வராமல் போன ரயில்கள்.

பெருமதிப்பிற்குரிய துறைக்கு,

இந்தக் கடிதத்தை அமைச்சர் பெயருக்கு எழுதாமல் துறையின் பெயருக்கு எழுதுவதில் அவமரியாதை எதுவும் இல்லை. 2019 ஜூலை முதல் 2024 நவம்பர் வரைக்குள் கிராண்ட் ஷாப்ஸ், ஆன்-மேரி ட்ரெவெல்யன், மார்க் ஹார்ப்பர், லூயிஸ் ஹேய், ஹெய்டி அலெக்சாண்டர் என ஐந்து பேர் அந்த நாற்காலிக்கு வந்தாயிற்று. ட்ரெவெல்யன் அம்மையார் இருந்தது ஏழே வாரம். அவரை நியமித்த பிரதமர் லிஸ் ட்ரஸ் அதிக நாள் தாங்குவாரா, ஒரு லெட்யூஸ் கீரை தாங்குமா என்று டெய்லி ஸ்டார் பத்திரிகை கேமரா வைத்து நேரலையில் காட்டியதும், கீரை ஜெயித்ததும் உலகறிந்த சேதி. கீரையைவிட ஆயுள் கெட்டியான முகவரிக்கு எழுதுவதுதான் விவேகம் என்று பட்டது.

தங்களைத் திட்டி எழுதுவோர் ஏராளம். நான் பாராட்டி எழுதுகிறேன். தண்டவாளம் போட்டு அதன்மேல் ரயில் விடுவது எந்த நாட்டு அரசுக்கும் கைவரும் சாதாரண வேலை. வெறும் அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ரயில்வேயை ஆண்டுக்கணக்கில் நடத்துவது தங்கள் ஒருவருக்கே சித்தித்த வித்தை.

அரசாங்கத்துக்கு ரயில் ஓட்டத் தெரியாது என்று பிரதமர் ஜான் மேஜர் ஆட்சி 1993இல் முடிவு கட்டியது. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியாது என்பது அப்புறம்தான் விளங்கியது. நெதர்லாந்து அரசு ரயில்வே அபெல்லியோ என்ற பெயரில் வந்தது. ஜெர்மன் அரசின் டாய்ச்சே பான், அரைவா நிறுவனத்தை வாங்கிக்கொண்டு வந்தது. பிரெஞ்சு அரசு ரயில்வே, கியோலிஸ் வழியாகப் பங்குதாரர் ஆனது. இத்தாலி அரசின் ட்ரெனிடாலியாவுக்கு எசெக்ஸ் கிடைத்தது. லாபம் வந்தால் ரோமுக்கும் உட்ரெக்டுக்கும் போகும். தனியார் கைவிட்ட தடம் மட்டும் லண்டனுக்கு வரும். ஊரில் உள்ள அரசுகளெல்லாம் நம் வீட்டில் ரயில் விடலாம், வீட்டுக்காரர் மட்டும் விடக்கூடாது என்ற இந்தத் தாராள மனம் வேறு யாருக்கு வரும்?

இப்போது எல்லாவற்றையும் திரும்ப வாங்குகிறீர்கள். மகிழ்ச்சி. புதிய சட்டத்தின்படி முதலில் அரசுடைமையானது சவுத் வெஸ்டர்ன் ரயில்வே. 2025 மே 25 அதிகாலை 5.36-க்கு வோக்கிங்கிலிருந்து வாட்டர்லூவுக்கு முதல் சேவை. வரலாற்று நிகழ்ச்சியைப் படம் பிடிக்கப் பத்திரிகையாளர்களும் வந்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்துத் தண்டவாள வேலை. சர்பிட்டனுக்கு அப்பால் பயணிகளுக்கு மாற்று பஸ். மக்கள் உடைமையான முதல் ரயில் பாதி வழியில் பஸ்ஸாக உருமாறிய இந்த அதிசயத்தை மார்க்ஸும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இதற்கெல்லாம் தலைமை தாங்கப் போகும் கிரேட் பிரிட்டிஷ் ரயில்வே பற்றியும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் பெயர் அறிவித்தீர்கள். அடுத்து அதன் தலைமையகம் எங்கே என்று நாடு தழுவிய போட்டி வைத்து, 42 ஊர்களை விண்ணப்பிக்க வைத்து, பொதுமக்களை ஓட்டுப் போடவும் வைத்து, 2023 மார்ச்சில் டெர்பி வென்றதாக அறிவித்தீர்கள். அந்த நிறுவனத்தை முறைப்படி உருவாக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது 2025 நவம்பரில். டிசம்பரில் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் சட்டையும் காட்டியாயிற்று. பெயர் சூட்டி, வீடு பார்த்து, துணி எடுத்து, கடைசியில் கர்ப்பத்துக்கு அனுமதி கேட்கும் குடும்பத்தை நான் கண்டதில்லை.

அறிவிப்புக் கலையில் தாங்கள் தொட்ட சிகரம் 2022 ஜனவரி. ரயில் பெட்டிகளில் தேவையில்லாத அறிவிப்புகள் அதிகமாகிவிட்டன, அவற்றைக் குறைக்கப் போகிறோம் என்று அமைச்சர் ஷாப்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சந்தேகமாக எதையாவது பார்த்தால் சொல்லுங்கள் என்ற குரல் இன்னும் ஓயவில்லை. பலகையில் சரியான நேரம் காட்டினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அதை யாரிடம் சொல்வது?

எச்.எஸ்.2 அதிவேக ரயிலுக்கு வருகிறேன். 2010இல் தாங்கள் காட்டிய வரைபடத்தில் லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு ஓர் உடல், அங்கிருந்து மான்செஸ்டருக்கு ஒரு கை, லீட்ஸுக்கு ஒரு கை. 2012இல் மொத்தத்துக்கும் சுமார் 3,300 கோடி பவுண்டு என்றீர்கள். 2020இல் ஓக்கர்வீ குழு 10,600 கோடி வரை போகலாம் என்றது. 2021இல் லீட்ஸ் கை போயிற்று. 2023 அக்டோபர் 4 அன்று மற்ற கையும் போயிற்று. மான்செஸ்டருக்கு ரயில் வராது என்று பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தது மான்செஸ்டரிலேயே. கட்சி மாநாடு நடந்த மான்செஸ்டர் சென்ட்ரல் அரங்கம், 1969இல் மூடப்பட்ட ஒரு ரயில் நிலையம். இப்படியொரு சேதியைச் சொல்ல நாடு முழுக்கத் தேடினாலும் இதைவிடப் பொருத்தமான நடைமேடை கிடைத்திருக்காது.

ஈடாக அன்றே ‘நெட்வொர்க் நார்த்’ என்ற வடக்கத்தித் திட்டத்தை வழங்கினீர்கள். மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு டிராம் வரும் என்பது அதில் ஒரு வாக்குறுதி. அந்த டிராம் 2014 முதலே ஓடிக்கொண்டிருக்கிறது. கொடுத்த வாக்கை ஒன்பது ஆண்டு முன்கூட்டியே நிறைவேற்றிய அரசு உலகில் வேறு உண்டா? வடக்குக்கு என்று ஒதுக்கிய பணத்தில் லண்டன் சாலைக் குழிகளுக்கும் பங்கு கிடைத்தது. லண்டனும் ஏதோ ஒன்றுக்கு வடக்கேதான் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

முழு நியாயம் கிடைத்தது வௌவால்களுக்குத்தான். பக்கிங்காம்ஷையரில் ஷீப்ஹவுஸ் காட்டோரம், அரிய பெக்ஸ்டைன் வௌவால்கள் ரயிலில் அடிபடாமல் இருக்க எச்.எஸ்.2 தண்டவாளத்தின் மேல் சுமார் ஒரு கிலோமீட்டருக்குக் கூரை. செலவு 10 கோடி பவுண்டுக்கு மேல். 2033இலும் பர்மிங்காம் ரயில் ஓடாது என்று 2025 ஜூனில் அமைச்சர் அலெக்சாண்டர் சொல்லிவிட்டபடியால், வராத ரயிலில் அடிபடாத வௌவால்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

தங்கள் புகழ் பரவுவதில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு. 1991 பிப்ரவரியில் பொடிப்பனி மின்மோட்டாருக்குள் புகுந்து ரயில்கள் நின்றன. பனியின் தன்மை அப்படி என்று பிரிட்டிஷ் ரயில் அதிகாரி ஒருவர் உள்ளதைச் சொன்னார். ‘தவறான வகைப் பனி’ என்று ஈவ்னிங் ஸ்டாண்டர்டு தலைப்பிட்டது. முப்பது ஆண்டு கடந்தும் அந்த மனிதர் சொன்னது யாருக்கும் நினைவில்லை, தலைப்பு மட்டும் நிற்கிறது. 2016 ஆகஸ்டில் நியூகாசில் ரயிலில் எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் தரையில் உட்கார்ந்து நெரிசலைப் பற்றிப் பேசினார். அவர் காலி இருக்கைகளைக் கடந்து போன கேமராப் பதிவை ரயில் நிறுவனம் வெளியிட்டது. நாடே நாள்கணக்கில் அவர் உட்காரும் இடத்தை ஆராய்ந்தது. மற்றவர்கள் தினமும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க எந்தக் கேமராவும் திரும்பவில்லை. அதே ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று எழுதிய, வெளியேறும் தரப்பின் பிரசாரச் சிவப்பு பஸ் ஊரூராகப் போனது. அந்தத் தொகை சரியல்ல என்று புள்ளியியல் ஆணையம் எச்சரித்தும் பஸ் நிற்கவில்லை. நான் பார்த்தவரை இந்த நாட்டில் எந்த நிறுத்தத்தையும் தவறவிடாத ஒரே பஸ் அது.

இனி ஒரு சிறு கணக்கு. 2018 டிசம்பரில், அமைச்சர் கிறிஸ் கிரேலிங் காலத்தில், சீபோர்ன் ஃப்ரைட் என்ற நிறுவனத்துக்குக் கப்பல் விட 1.38 கோடி பவுண்டு ஒப்பந்தம் தந்தீர்கள். நிறுவனத்திடம் கப்பல் இல்லை. அதன் இணையதள விதிமுறைகள், வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பும் கடைக்கு எழுதியவை போல இருந்தன. இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் ரத்து. ஒப்பந்தங்கள் தந்த விதத்தை எதிர்த்து யூரோடனல் வழக்குப் போட, 3.3 கோடி பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்தீர்கள். கிரேலிங் பதவியில் தொடர்ந்தார்.

2024இல் இளைஞர் ஒருவர் ரயில் அட்டைச் சலுகையில் டிக்கெட் வாங்கினார். காலை பத்து மணிக்கு முன் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு என்ற விதி அவருக்குத் தெரியவில்லை. கட்டணத்தில் குறைந்த தொகை 1 பவுண்டு 90 பென்ஸ். அரசு நடத்தும் நார்தர்ன் நிறுவனம் வழக்குத் தொடுப்பதாக மிரட்டி, விஷயம் வெளியே வந்ததும் பின்வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில், ரயில் நிறுவனங்கள் மூடிய அறைச் சுருக்கு விசாரணையில் தொடுத்த சுமார் 74,000 வழக்குகள் சட்டப்படி செல்லாதவை என்று தலைமை நீதித்துறை நடுவர் தீர்ப்பளித்தார். கப்பல் இல்லாமல் ஒப்பந்தம் எடுத்தால் கொள்கைக் குறைபாடு. டிக்கெட்டில் இரண்டு பவுண்டு குறைந்தால் குற்றம். அளவுகோல் ஒன்றுதான், பிடிக்கும் முனைதான் வேறு.

ஆகவே தாங்கள் பயணிகளுக்கு வகுத்த விதிகளைத் தங்களுக்கும் அருளும்படி கோருகிறேன்.

ஒன்று: செல்லத்தக்க ரயில் இல்லாமல் பயணம் செய்யும் ஒவ்வோர் அறிவிப்புக்கும், டிக்கெட் இல்லாத பயணிக்குப் போலவே 100 பவுண்டு அபராதம். 21 நாளில் கட்டினால் பாதி என்ற சலுகையும் தங்களுக்கு உண்டு.

இரண்டு: விதி தெரியாது என்ற சாக்கு, அமைச்சர் சொன்னாலும் செல்லாது.

மூன்று: தாமத இழப்பீடு. பெரும்பாலான தடங்களில் 15 நிமிடத்துக்குக் கால் பங்கு, 30 நிமிடத்துக்குப் பாதி, ஒரு மணி நேரத்துக்கு முழுக் கட்டணம். 2026இல் வர வேண்டிய பர்மிங்காம் ரயிலுக்கு இதன்படி எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லவும். விண்ணப்பிக்க 28 நாள்தான் கெடு என்கிறீர்கள். வராத ரயிலுக்கு அந்த 28 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதையும் தெரிவிக்கவும். அதையும் அறிவிப்பாக வெளியிட்டுவிடாமல், எழுத்தில், கையெழுத்துடன் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டிக்கெட் கையில் வைத்திருக்கும் ஒரு பயணி