தைரொயிட் கணக்கில் எழுதிய கிலோக்கள்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலைப் பகுதிகளிலும் உடல் நிறை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அப்பேச்சை ஒரே வீச்சில் முடித்துவைக்க வல்ல வாக்கியம் ஒன்று வழங்கிவருகிறது: "எனக்குத் தைரொயிட் இருக்கு." இலக்கண நோக்கில் இதில் குற்றம் எதுவுமில்லை. உடற்கூற்று நோக்கிலோ, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அவ்வழியே செல்லும் பேருந்தின் நடத்துநருக்கும் தைரொயிட் இருக்கவே செய்கிறது என்பதால், "எனக்குக் கழுத்து இருக்கு" என்பதற்கு மேல் எச்செய்தியையும் இது தருவதில்லை. "சுகர் இருக்கு", "பிரஷர் இருக்கு" என்பனவும் இதே குடும்பத்தவை. சீனியோ அழுத்தமோ அறவே இல்லாதவர் எழுந்துவந்து அவற்றை மறுக்கும் நிலையில் இருக்கமாட்டார். எனினும் வழக்கில் இவ்வாக்கியம் உணர்த்துவது, அச்சுரப்பி இருந்தும் தன் வேலையைச் சரிவரச் செய்யவில்லை என்பதையும், ஆகவே சொல்பவரின் இடுப்பிலும் கன்னத்திலும் ஏற்பட்ட வளர்ச்சிக்கு அவர் பொறுப்பாளி அல்லர் என்பதையுமாகும். முற்பகுதி மருத்துவம், பிற்பகுதி வழக்காடல். இவ்விரண்டுக்கும் இடையே எத்தனை கிலோ இடைவெளி உண்டு என்பதே இங்கு ஆராயத்தக்கது. இதை எழுதுபவர் அவ்வாக்கியத்தை ஆறாண்டுகள் மனமாரச் சொல்லிவந்தவர் என்பதையும் நேர்மை கருதி இவ்விடத்திலேயே பதிந்துவிடுவது முறை.

தைரொயிட் என்பது குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறத்தில், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல ஒட்டியிருக்கும், ஏறத்தாழ 20 கிராம் நிறையுள்ள சுரப்பியாகும். 1656இல் அதற்கு இப்பெயரைச் சூட்டிய தோமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை அமைத்தார். தமிழில் கேடயச் சுரப்பி எனப்படுவதும் அதனாலேயே. கழுத்துக்கு, சிறப்பாகப் பெண்களின் கழுத்துக்கு, உருண்டு திரண்ட அழகைத் தருவது அதன் பயன்களுள் ஒன்று என அவர் கருதினார். அவ்வழகு அளவுக்கு மீறிப்போனால் அதற்குக் கழலை என்று பெயர் என்பதை அக்காலத்துக் கண்டிவாசி ஒருவர் அவருக்கு எடுத்துரைத்திருக்கக்கூடும்.

இச்சுரப்பி தைரொக்சின் என்னும் ஓமோனைச் சுரந்து, உடலின் ஒவ்வோர் உயிரணுவும் எவ்வளவு வேகத்தில் சக்தியை எரிக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. இதன் நிர்வாக முறையைத் தோட்டப்புற வாசகருக்கு விளக்குவது எளிது. மூளையின் அடிப்பாகத்தில் இருக்கும் கபச் சுரப்பி கங்காணி, தைரொயிட் வேலையாள், கங்காணி கொடுக்கும் குரலே ரீ.எஸ்.எச். எனப்படும் தூண்டும் ஓமோன். வேலை ஒழுங்காக நடக்கும்வரை கங்காணி தணிந்த குரலில் பேசுவார், வேலையாள் சோர்ந்தால் குரல் உயரும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ரீ.எஸ்.எச். அளவு கூடியிருப்பதைக் கண்டு, "கூடித்தானே இருக்கு, பிறகென்ன குறைச்சல்?" என்று மகிழ்பவர்கள், கங்காணி கத்துவதைக் கொழுந்து நிறை கூடியதாக எடுத்துக்கொள்பவர்கள். குரல் உயர்ந்து தைரொக்சின் தாழ்ந்திருக்கும் நிலையே தைரொயிட் குறைச்சுரப்பு ஆகும். களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உலர்ந்த தோல், முடி உதிர்வு, மந்தமான நினைவு ஆகியன அதன் அடையாளங்கள். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மார்கழி மழையில் நனைந்தபடி பேருந்துக்குக் காத்திருக்கும் எவரிடத்தும் இவற்றுள் நான்கையேனும் காணலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையின்றி இந்நோயைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்வது ஆகாது.

மலைநாட்டுக்கும் இச்சுரப்பிக்கும் உள்ள உறவு பழையது. தைரொக்சினை ஆக்க அயடீன் வேண்டும். அயடீனோ பெரும்பாலும் கடலின் சொத்து. இலங்கையின் ஈரவலயம் நெடுங்காலம் கழலை மலிந்த வலயமாகவே இருந்தது. மழை மண்ணைக் கழுவிக் கழுவி அயடீனைக் கொண்டுபோய்விட்டது என்பது வழமையான விளக்கம்; பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியலாளர்களான சி. பி. திசாநாயக்கவும் ரோஹண சந்திரஜித்தும் நிலத்தின் இரசாயனத்தையும் நோய்களையும் இணைத்து ஆராய்ந்து, மண்ணில் அயடீன் இருந்தாலும் களியும் உக்கலும் அதனைப் பற்றிப்பிடித்துப் பயிருக்கு விடாதிருக்கலாம் என்றும் காட்டினர். இருந்தும் கொடாத இவ்வியல்பு மண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பது வேறு விடயம். உப்பும் மலைநாட்டுக்கு என்றும் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபின், கண்டி அரசு உப்புக்காகவேனும் கடற்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. 1980களில் 17 மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வொன்று 18.8 சதவீதத்தினரிடம் கழலையைக் கண்டது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. அதன்பின் அயடீன் குறைவு பின்வாங்க, உடலின் நோயெதிர்ப்புப் படை தன் சுரப்பியையே பகைவன் எனக் கருதித் தாக்கும் அழற்சி முன்னால் வந்தது. 1912இல் இதனை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயராலேயே அது அறியப்படுகிறது. ஆகவே இன்று குறைச்சுரப்பு உள்ளவர் உப்பை அள்ளிப்போட்டு அதனைக் குணமாக்க முடியாது. இதை எழுதுபவரின் வீட்டில் அம்முயற்சி ஒரு வாரம் நடைபெற்றது. உயர்ந்தது இரத்த அழுத்தம் மட்டுமே.

இனிக் கிலோக்களின் கணக்கு. கடைக்காரரின் கடன் கொப்பியில் ஒருவர் பெயரில் மற்றவர் வாங்கிய சாமானும் ஏறிவிடுவது போல, தைரொயிட்டின் பெயரில் ஏறியிருக்கும் நிறையுள் அது உண்மையில் வாங்கியது எவ்வளவு என்பது பலரும் கேட்க விரும்பாத கேள்வியாகும். அமெரிக்கத் தைரொயிட் சங்கம் நோயாளிகளுக்குத் தரும் விளக்கத்தின்படி, குறைச்சுரப்பு மட்டுமே காரணமாகக் கூடும் நிறை பொதுவாக இரண்டு முதல் நாலரைக் கிலோ வரையிலானது. அதிலும் பெரும்பங்கு கொழுப்பன்று, உடலில் தேங்கிய உப்பும் நீருமே. சிகிச்சையால் இறங்குவதும் பெரும்பாலும் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவே. இதை எழுதுபவரின் கிளினிக் கொப்பியில் ஆறாண்டுகளில் ஏறியிருந்தவை 11 கிலோ. சுரப்பிக்கு மிகுந்த தாராளத்துடன் நாலரையை ஒதுக்கினாலும், மிகுதி ஆறரை அநாதையாக நின்றது. அதன் தந்தைமை பற்றிய விசாரணையில் இரவு நேரக் கொத்துரொட்டி, நாலு மணி ரோல்ஸ், கறி ருசியாயிருந்த நாள்களில் இரண்டாம் தடவை வாங்கிய சோறு ஆகிய மூவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தனர்.

சிகிச்சையின் வரலாறு சுவையானது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மறே என்ற மருத்துவர், இந்நோய் முற்றிய 46 வயதுப் பெண்ணொருவருக்குச் செம்மறியாட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாக ஏற்றினார். அப்பெண் தேறி, பின்னர் அதனை வாய்வழியாக உட்கொண்டு, 1919 வரை வாழ்ந்தார். அக்காலத்தில் அவருக்காகத் தம் சுரப்பியைத் தந்த ஆடுகள் 870க்கு மேல். 1914ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அமெரிக்காவில் எட்வேர்ட் கெண்டல் தைரொக்சினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார், 1920களில் அது செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. இன்று அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் மைக்ரோகிராம் அளவிலான சிறு வெள்ளைக் குளிசை ஆட்டுக்கூட்டத்தின் வேலையைச் செய்கிறது. கலியாண வீட்டுப் புரியாணியில் அதே அளவு ஆட்டை உட்கொண்டு அதே பயனை எதிர்பார்ப்பது அறிவியலுக்கு ஒவ்வாது.

இக்குளிசை கண்டிக்கென்றே அமைந்த ஓர் இக்கட்டையும் உடன்கொண்டு வருகிறது. இது வெறும் வயிற்றில், தண்ணீருடன், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக விழுங்கப்பட வேண்டும்; கோப்பி இதன் உறிஞ்சலைக் கெடுக்கும், பாலிலுள்ள கல்சியமும் கெடுக்கும், தேநீரையும் தள்ளிவைக்கும்படியே வைத்தியர்கள் கூறுவர். ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வணிகப் பயிராக்கிய மாவட்டத்தில், கண் திறக்குமுன் கோப்பையைத் தேடும் மக்களிடம், விடிந்து ஒரு மணி நேரம் தேத்தண்ணியைத் தொடாதே என்பது மருத்துவ ஆலோசனை அன்று, துறவறம். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்களை அழித்ததால் கோப்பியின் தடை இங்கு பெரிதாக உறைப்பதில்லை. தேயிலைக்கு அத்தகைய நோய் எதுவும் வந்து உதவவில்லை. குளிசையைக் கையிலும் பிளேன்டீயை மறுகையிலும் ஏந்தி, ஒன்றைக் கொண்டு மற்றதை விழுங்கிவிட்டு, "மருந்து வேலை செய்யுதில்லை" என்று வைத்தியரிடம் முறையிட்டோர் உண்டு. அவர்களுள் ஒருவரின் பெயரை இக்கட்டுரையின் இறுதியில் காணலாம், ஆசிரியர் குழு அச்சிட்டால். இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. இறைச்சிக்குப் பதிலாக விரும்பப்படும் சோயாவும் காலைக் குளிசையை ஒட்டி வரக்கூடாது. காலைத் துறவறம் இயலாதோர், இரவுணவு முடிந்து மூன்று மணி நேரத்தின் பின் படுக்கைக்குப் போகுமுன் குளிசையை எடுப்பது பற்றி வைத்தியரிடம் கேட்கலாம். கொத்துரொட்டி இரவு பத்து மணிக்கு முடியும் வீடுகளில் இவ்வழியும் அடைபட்டதே.

தைரொக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் எடுப்பதால், அளவு சரியா என்பதை அறிய ஆறு முதல் எட்டு வாரங்கள் பொறுத்தே மறுபரிசோதனை செய்யப்படுகிறது. இப்பொறுமையின் நடுவில்தான் ஆபத்தான யோசனை பிறக்கும்: ஒன்று உடலை எரிக்குமாயின், இரண்டு விரைவாக எரிக்காதோ? எரிக்கும், இதயத்தையும் எலும்பையும் சேர்த்தே எரிக்கும். மிகைத் தைரொக்சின் இதயத் துடிப்பை ஒழுங்கற்றதாக்கும், எலும்பை அரிக்கும். மெலிவதற்காக இதனைப் பயன்படுத்தக்கூடாது என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் மருந்தின் விவரத்தாளிலேயே கட்டமிட்டு அச்சாகிறது. பட்டினியும் வழியன்று. உணவு கடுமையாகக் குறைந்தால், உடல் அதனைப் பஞ்சம் என விளங்கிக்கொண்டு, தைரொக்சின் செயல்வடிவம் பெறும் அளவைத் தானே தாழ்த்தி, சிக்கனத்துக்கு இறங்கிவிடும்; ஏற்கெனவே சோர்ந்திருப்பவர் இன்னும் சோர்ந்து, பத்தாம் நாள் பேக்கரி வாசலில் நினைவு திரும்பப்பெறுவார். முடி வளர விற்கப்படும் பயோட்டின் குளிசைகளோ பரிசோதனை முடிவையே பொய்யாக்க வல்லவை. இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னரேனும் அவற்றை நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மெலியும் முயற்சி அறவே கூடாது, அவர்களின் குளிசை அளவு பெரும்பாலும் கூடவே வேண்டும். மற்றையோருக்கு, ரீ.எஸ்.எச். ஒழுங்குக்கு வந்தபின், வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் இறங்குவதே தாங்கும் வேகம்; வேறெந்த மனிதரும் மெலியும் அதே அலுப்பூட்டும் முறையில், சோற்றைக் குறைத்து, மரக்கறியையும் பருப்பையும் மீனையும் கூட்டி, நடந்து.

நடப்பதற்குக் கண்டியில் அரசனே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறான். வேலூரில் சிறையிருந்து இறந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அரண்மனை முன்னிருந்த வயல்வெளியை மூழ்கடித்து வாவியை அமைத்தான்; நெல் விளைந்த நிலத்தைத் தண்ணீராக்கிய அவனே கண்டியில் சோற்றைக் குறைத்த முதலாமவன் எனலாம். அதன் சுற்று மூன்று கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். 70 கிலோ நிறையுள்ள ஒருவர் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 150 முதல் 200 வரையான கிலோகலோரி செலவாகும். அது அவித்த சோற்றில் ஒரு கோப்பை. நடை முடியும் இடத்தில் வல்லாரை இலைக்கஞ்சி விற்கப்படுவது ஆரோக்கியத்தின் அடையாளமே. ஆனால் அதன் தேங்காய்ப்பாலும் கடித்துக்கொள்ளும் கருப்பட்டித் துண்டும் சேர்ந்து வாவியின் ஒரு கரையை மீட்டுக்கொடுத்துவிடும், கூடவே ஒரு வடை சேர்ந்தால் மறுகரையையும்.

இதை எழுதுபவர் தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, சோற்றுக் கரண்டியைச் சிறிதாக்கி, வாவியைச் சுற்றிச் சுற்றி ஏழு மாதங்களில் ஆறு கிலோவை இறக்கியபின், கங்காணி குரல் தணிந்துவிட்டதாக அறிக்கை வந்தது. குடும்பத்தில் அது எதிர்பார்த்த மகிழ்ச்சியை உண்டாக்கவில்லை. மிகுதி ஐந்து கிலோவை எழுதிவைக்க இனி ஒரு பெயர் இல்லாதுபோயிற்று என்பதை முதலில் உணர்ந்தவர் மாமி. அறிக்கையை வெளிச்சத்தில் பிடித்து இருபுறமும் பார்த்து, தராசைக் காலால் ஒருமுறை தள்ளிப் பார்த்து, அவர் தீர்ப்புச் சொன்னார்: "அப்ப மெசின்லதான் பிழை, புள்ள."