ராமேசுவரக் கரையில் ரகசியச் சங்கம் நடத்த இயலாமை குறித்து: ஓர் ஆய்வு

கல்லூரி மாணவன் ஒருவன் ரகசியச் சங்கத்தில் சிக்கிக்கொள்ளும் மர்மக்கதைக்கு ராமேசுவரம் பக்கம் களம் அமையாது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். எழுதினாலும் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டாது.

முதலில் முன்னோடிகள். யேல் பல்கலைக்கழகத்தில் 1832இல் தோன்றிய மண்டையோட்டுச் சங்கத்தார் 'கல்லறை' எனப்படும் இறுக மூடிய கட்டடத்தில் கூடுகிறார்கள். வைகாசி மாதம் பாம்பனில் அப்படியோர் அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால், திண்ணைக்குப் போகவிட்டால் போதுமென்று உறுப்பினர்கள் எல்லா ரகசியத்தையும் கக்கிவிடுவார்கள். கேம்பிரிட்ஜில் 1820இல் பிறந்த 'அப்போஸ்தலர்' சங்கத்தின் வழக்கம் இன்னும் ஆபத்தானது. கூட்டத்தில் வாட்டிய ரொட்டிமேல் சாளை மீனை வைத்து, அதற்குத் 'திமிங்கலம்' என்று பெயரிட்டுத் தின்றார்கள். தங்கச்சிமடத்தில் சாளை வறுத்தால் மூன்று தெருவுக்கு வாசனை போகும். "யாரு வந்திருக்கா?" என்று அடுத்த வீட்டு அத்தை கேட்டவுடன் சங்கம் கலைந்துவிடும்.

நம் பக்கத்துச் சான்று நீலகண்ட பிரம்மச்சாரியின் பாரத மாதா சங்கம். அது விளையாட்டுச் சங்கமல்ல. காளி படத்துக்கு முன் குங்கும நீர் அருந்திச் சபதம் எடுத்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் அச்சங்கத்து வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டபின், 14 பேர்மீது வழக்கு நடந்தது. சபதம் எடுத்தவர்களிலேயே சிலர் அப்ரூவர் ஆனார்கள். அங்கே ரகசியம் உள்ளிருந்து வெளியே போனது. நம் கரையில் அது வெளியிலிருந்து உள்ளே வரும். சேர்ந்தவனுக்கே தெரியுமுன் டீக்கடைக்குத் தெரிந்திருக்கும்.

இதற்குக் காரணம் புவியியல். தீவிலிருந்து ராமநாதபுரம் கல்லூரிக்குப் போகும் பையனுக்குச் சாலை ஒன்றுதான்: 1988இல் திறந்த பாம்பன் பாலம். தலைமறைவாகப் போகிறவனிடம் கண்டக்டர் சில்லறையோடு செய்தியும் தருவார்: "உங்க மாமாவ இப்பத்தான் அக்காமடத்துல இறக்கிவிட்டேன். நீ என்னப்பா, காலேஜ் இல்லையா இன்னைக்கி?" "இல்லண்ணே" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "இருக்கே, எம்மவ போயிருக்காளே."

நள்ளிரவில் கூடலாமே என்பர் சிலர். ஆழ்ந்த அறியாமை. கடலுக்குப் போகிறவனும் கோயிலுக்கு வந்தவனும் சேர்ந்து இவ்வூருக்கு நள்ளிரவே இல்லாமல் செய்துவிட்டார்கள். கரையில் வலை ஏற்றுகிற வேளை முடியுமுன் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு ஆரம்பமாகிவிடும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி மர்மக்கதைக்கென்றே செய்த இடம்போலத் தோன்றும். பகலில் அங்கே வேன் நிறுத்த இடமில்லை, பொழுது சாய்ந்தபின் உள்ளே விடமாட்டார்கள். கதைகளில் வருவதுபோல் டார்ச் அடித்துச் சைகை காட்டினாலோ, அக்கரையில் இலங்கையின் தலைமன்னார் இருப்பதால், புதிய உறுப்பினராக கியூ பிராஞ்ச் போலீஸ் வந்து சேரும்.

சேர்க்கைச் சடங்கு இன்னொரு சிக்கல். கண்ணைக் கட்டி, மண்டியிடவைத்து, கேள்வி கேட்டால் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. சட்டத்தைப் படிக்காமல் மர்மக்கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க.

இத்தனைக்கும் தப்பிய சங்கம் ஒன்றே ஒன்று: வராதவனுக்காக வந்தவன் "உள்ளேன் ஐயா" சொல்லும் சங்கம். சபதமில்லை, சாளையில்லை. 75 சதவீத வருகைப்பதிவு என்ற ஒரே கொள்கைக்காகக் குரல் மாற்றும் கலை மட்டும் வழிவழியாகக் கைமாறுகிறது. இது எப்படி இத்தனை காலம் பிடிபடாமல் இருக்கிறது என்று ஆராய்ந்ததில், பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுகிற பேராசிரியரே பழைய உறுப்பினர் என்று தெரியவந்தது.