வீசியது எட்டே பாஸ்

கேள்வி: 2020 ஜனவரி அமெரிக்கக் கால்பந்து பிளே-ஆஃபில் ஃபார்ட்டிநைனர்ஸிடம் கிரீன் பே பேக்கர்ஸ் 37-20 எனத் தோற்றபோது, எதிரணியின் ஓட்டக்காரர் ரஹீம் மோஸ்டர்ட்டை யாராலும் மடக்க முடியாமல் போனது ஏன்? அத்தனை பேரும் சோம்பேறிகளா?

பதில்: சோம்பேறிகள் இல்லை, எதிர்பார்த்த விருந்தாளி வேறு. அந்த சீஸன் முழுக்க பேக்கர்ஸ் தடுப்பாட்டத்தின் பலமே பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைத் துரத்துவதுதான். ஸாடேரியஸ், பிரெஸ்டன் என்ற இரண்டு ஸ்மித்துகள் மட்டுமே சேர்ந்து 25.5 ‘ஸாக்’ (பந்தை வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்திருந்தார்கள். முதல் டச்டவுனைப் பாருங்கள். மூன்றாவது முயற்சி, இன்னும் 8 கெஜம் வேண்டும். பாஸ்தான் வரும் என்று ஊரே நினைக்கும் நேரம். பேக்கர்ஸும் அதற்கே தயாராக நின்றார்கள். பந்து மோஸ்டர்ட் கைக்குப் போனது. நடுவில் புகுந்து 36 கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டிவிட்டார். ‘27-0 என முன்னிலையில் இருப்பவர்கள் ஓடத்தானே செய்வார்கள், ஓட்டக் கணக்கு அதனால் ஊதிப்போனது’ என்று பேக்கர்ஸ் ரசிகர்கள் வாதாடலாம். ஆனால், அவர் எடுத்த 220 கெஜத்தில் 160 இடைவேளைக்கு முன்பே வந்ததாயிற்றே! பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் பந்தைப் பறிகொடுத்ததும் உண்மைதான். அது எதிரணிக்குக் கூடுதல் வாய்ப்பைத் தந்ததே தவிர, தடுப்பு வரிசையில் அவர் ஓட்டை போடவில்லை. ஃபார்ட்டிநைனர்ஸின் குவார்ட்டர்பேக் கரோப்போலோ அன்று வீசியது மொத்தம் எட்டே பாஸ். அவரைத் துரத்திப் பிடிக்கச் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஏறக்குறைய விடுமுறை.