சாக்கைப் பாக்கும் முன்னே சீட்டைப் பாருலே

என்னலே, மூஞ்சி இப்படித் தொங்கிக் கெடக்கு? உன் புல்லட்டின் போர்டுல, வெளிய போக வேண்டிய மெயில் கெடக்குத அவுட்பவுண்ட் ஃபோல்டர்ல பழைய மெயில் அப்படியே கெடக்காம்லா? அதுக்காக எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணப் போறியாம்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துனவன் உனக்கு என்ன முறை வேணும், தாய்மாமனா?

நான் ரயில் தபால் ஆர்.எம்.எஸ்.ல முப்பது வருசம் பை கட்டுனவன். ஒரு தடவை ஜங்ஷன்ல ஒரு பை மூணு நாளாக் கெடந்துச்சு. புதுசா வந்த கிளார்க்கு மேலிடத்துக்கு எழுதணும், விசாரணை வைக்கணும்னு குதிச்சான். நான் பையைப் புரட்டிப் போட்டேன். லேபிள் அடியில கெடந்துச்சு.

உன் புல்லட்டின் போர்டும் இதே சங்கதிதான். 1984ல அமெரிக்காவுல டாம் ஜென்னிங்ஸ்ங்கவரு, புல்லட்டின் போர்டுகளை இணைக்குத ஃபைடோநெட்டைத் தொடங்கி வச்சாரு. பகல்ல தொலைதூர போனுக்குத் துட்டு சாஸ்தி. அதனால மிசினுங்க ராத்திரியில ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டு, கட்டி வச்ச கடுதாசியை மாத்திக்கிட்டுதுக. இன்னைக்கு நீ இன்டர்நெட்ல அனுப்புத. துட்டுக் கவலை போச்சு. ஆனா மூட்டை கட்டுத முறை மட்டும் பிங்க்ளிடெர்ம்ங்குத பழைய மெயிலர் புரோகிராமு காலத்துல போட்டதுதான்.

ஃபோல்டரைத் தொற. உள்ள ஒண்ணு சாக்கு, இன்னொண்ணு சீட்டு. எம்ஓ0, டியூ1ன்னு வால் வச்சதெல்லாம் சாக்கு. திங்கக்கிழமை முதல் கட்டு, செவ்வாக்கிழமை ரெண்டாங்கட்டுன்னு அர்த்தம். எஃப்எல்ஓன்னு முடியுதது சீட்டு. யாருக்கு எந்தச் சாக்குன்னு அதுலதான் எழுதியிருக்கும். 00640014ன்னு சீட்டுப் பேரைப் பாத்துட்டு ஜாதகக் கட்டமான்னு முழிக்காத. அது வாங்குதவனோட விலாசம்: நெட் 100, நோடு 20. பதினாறு எண் கணக்குல எழுதுனா 0064, 0014. அம்புட்டுதான்.

நேத்து ஜீரோ பைட்டு ஃபைலைப் பாத்துட்டு மெயிலே மாயமாப் போச்சுன்னு அலறுனியே, அது போய்ச் சேந்ததுக்கு அடையாளம்லே! சீட்டுல அந்த வரிக்கு முன்னால # போட்டிருந்தா, அனுப்புனதும் சாக்கைக் காலி பண்ணி வெறும் சாக்கா வைன்னு அர்த்தம். அடுத்த கட்டுக்கு அதே பேரு வந்துராம இருக்கணும்லா? ^ போட்டிருந்தா அனுப்புனதும் அழிச்சிரும். ~ போட்ட வரி முடிஞ்சுபோன சோலி. காலிச் சாக்கைக் கட்டிக்கிட்டு அழுதவனை நான் உன்னைத்தான் முதமுதலாப் பாக்கேன்.

சீட்டுப் பேரு ஹெச்எல்ஓன்னு முடிஞ்சா? அது ‘நானே வந்து எடுத்துக்கிடுதேன்’னு சொன்னவனோட சரக்கு. அவன் வராம நீ ஏம்லே தவிக்க?

சாக்கு நெறைய சரக்கு இருக்கு, சீட்டைக் காணோமா? அதுதான் உண்மையான கோளாறு. யாரு பண்ணுனது? நீதான்! ‘கிளீன் பண்ணுதேன்’னு சின்னச் சின்ன ஃபைலையெல்லாம் அழிச்சியே, அதுல போயிருக்கும். சீட்டு வெறும் டெக்ஸ்ட் ஃபைலு. ஒரு ^ போட்டு, பக்கத்துலயே சாக்கு இருக்குத முழுப் பாதையை எழுதி, சரியான பேருல சேமிச்சு வை. இதுக்கு என்னத்துக்குடே ஃபார்மட்டு?

சீட்டு இருந்தும் போகலியா? உள்ள எழுதியிருக்குத பாதையைப் படி. சி டிரைவ்ல இருந்து டி டிரைவுக்குக் குடி மாத்துனியா? சீட்டுல பழைய வீட்டு விலாசம்தான் இருக்கும். லினக்ஸுக்கு மாறிட்டேன்னு ஊரு பூரா தம்பட்டம் அடிச்சியே, அங்க பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேற. ரேசன் கார்டுல ஒரு எழுத்து மாறுனா போயிட்டு வாம்பாம்லா, அந்தக் கதைதான்.

இது எல்லாம் சரியா இருந்தும் ஒண்ணும் நகரலியா? அப்ப பிஎஸ்ஒய்னு முடியுத ஒரு ஃபைலு கெடக்கான்னு பாரு. பஸ்ஸு ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பாம்லா, அதுதான் இது. ‘இந்த நோடுக்கு இப்ப நான் வேலை பாக்கேன், வேற எவனும் தொடாத’ன்னு புரோகிராமு போடுத துண்டு. வேலை முடிஞ்சா அதுவே எடுத்துரும். நடுவுல கரண்ட் போச்சுன்னா? துண்டு போட்டவன் எறங்கிப் போயிட்டான், துண்டு அங்கனயே கெடக்கு. மத்தவன் எல்லாம் மரியாதையா நின்னுக்கிட்டே வாரான்.

ஆனா அவசரப்பட்டு உருவிராத. சாக்கை அனுப்புத மெயிலரும், சாக்கைக் கட்டிப் பிரிக்குத டாஸரும் ஓடிக்கிட்டிருக்கும்போது துண்டை எடுத்தா, ஒரே சீட்டுல ரெண்டு பேரு உக்காந்து சாக்கு கிழிஞ்சிரும். ரெண்டையும் நிறுத்து. பெறகு எடு.

போ, அந்தத் துண்டோட தேதியைப் பாத்துட்டு வா. போன செவ்வாக்கிழமை இடி இடிச்சு கரண்ட் போச்சே, அன்னைக்குப் போட்டதா இருக்கும்.